திருடி என்று சொன்ன தம்பிக்கு

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பி செந்திலுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அம்மா, அத்தான், பிள்ளைகள் எல்லாரும் சுகம். சுமதிக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா?

போனில் பேசியிருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தைப் போனில் தொட்டால் நீ குரலை உயர்த்துவாய், நான் பட்டென்று வைத்துவிடுவேன், அப்புறம் அம்மா இரண்டு பக்கமும் தூது போவாள். அதனால்தான் தாளும் பேனாவும். கம்ப்யூட்டர் டீச்சர் காகிதத்தில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. காகிதத்தில் எழுதும்போது பாதி வரியில் குறுக்கே வந்து யாரும் செருப்பு விற்பதில்லை.

தீபாவளிக்கு வந்திருந்தபோது என் லேப்டாப்பில் உன் யூடியூப் சேனலைத் திறந்தாய். விளம்பரம் எதுவும் வராமல் எடுத்த எடுப்பில் நீயே பேச ஆரம்பித்ததும் உன் முகம் மாறிவிட்டது. "நீயுமா அக்கா ஆட் பிளாக்கர் போட்டிருக்கே? இது திருட்டு இல்லையா? கூடப் பிறந்தவளே வயித்துல அடிச்சா நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?" என்றாய். அம்மா அதிரசத் தட்டை நீட்டிப் பேச்சை மாற்றினாள். நல்ல நாளும் அதுவுமாக வேண்டாமே என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன்: அந்தப் பிளாக்கரை நான் எடுக்கப் போவதில்லை. மற்றவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் வீட்டு அரிசியில் ஒரு பங்கு அந்த விளம்பரக் காசில்தான் வருகிறது.

உன் உழைப்பு எனக்குத் தெரியாததா? பகல் முழுக்கப் பட்டறையில் கருகின மோட்டாரோடு மல்லுக்கட்டிவிட்டு, ஷட்டரை இறக்கின பிறகு சுமதி போனைப் பிடிக்க, நீ சப்மெர்சிபிள் மோட்டாரைக் கழற்றி எந்த ஸ்லாட்டில் எத்தனை சுற்று என்று எண்ணி எண்ணிக் காட்டுகிறாய். போனது கெபாசிட்டரா காயிலா என்று சீரீஸ் லேம்ப் வைத்துக் கண்டுபிடிப்பதை நீ சொன்ன மாதிரி எந்தப் பாலிடெக்னிக்கிலும் சொல்லித்தர மாட்டார்கள். அந்த வீடியோவுக்கு வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் உனக்கு, 45 யூடியூபுக்கு. அதை நான் மறுக்கவில்லை. நீ சம்பாதிக்க வேண்டும், நன்றாகவே சம்பாதிக்க வேண்டும்.

ஆனால் திருட்டு என்று சொன்னாயே, அதைக் கொஞ்சம் பார்ப்போம். இதை முதலில் சொன்னவன் நீ கிடையாது. 2002இல் அமெரிக்காவில் டர்னர் பிராட்காஸ்டிங் என்ற பெரிய டிவி நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜேமி கெல்னர் சொன்னார். அப்போது ரீப்ளே டிவி என்று ஒரு பெட்டி வந்திருந்தது. நிகழ்ச்சியைப் பதிவு செய்து வைத்தால் விளம்பரத்தைத் தானாகவே தாண்டிவிடும். விளம்பரத்தைப் பார்ப்பதாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டுதான் நீங்கள் நிகழ்ச்சியைப் பார்க்கிறீர்கள், தாண்டினால் அது திருட்டு என்றார் அந்த மனிதர். அப்படியானால் நடுவில் எழுந்து கழிப்பறைக்குப் போகிறவன் கதி? அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம் என்று பெரிய மனது பண்ணினார்! டிவி கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து வழக்குப் போட்டன. பெட்டியை விற்ற சோனிக்புளூ நிறுவனம் 2003இல் திவாலானது. நம் வீட்டில் சீரியலுக்கு நடுவே விளம்பரம் வந்ததும் அம்மா அடுப்பைப் பார்க்க எழுந்து போவாளே, கெல்னர் கணக்குப்படி அவளும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளப்பட்டவள்தான்.

இன்னொன்று கேட்கிறேன். விளம்பரம் ஓடும்போது ஐந்து நொடி கழித்து ஸ்கிப் என்று வருமே, அதை நீ அழுத்துவதில்லையா? உன் விரல் அங்கேயே காத்துக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். 2010இல் யூடியூப் கொண்டுவந்த அந்த வகை விளம்பரத்தில், பார்க்கிறவர் 30 நொடியாவது பார்த்தால்தான், இல்லை கிளிக் செய்தால்தான் விளம்பரக்காரர் காசு கொடுப்பார். விளம்பரம் அதைவிடச் சின்னதென்றால் முழுக்கப் பார்க்க வேண்டும். அந்த வகையில் ஐந்தாம் நொடியில் நீ தாண்டினால் அந்த வீடியோ போட்டவருக்கு வருவது பூஜ்யம்தான். நான் தாண்டினாலும் பூஜ்யம். உன் பொத்தான் அவர்கள் வைத்தது, என் பொத்தான் நான் வைத்துக்கொண்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதுபோக, உன் வருமானத்தை என் போன்றவர்கள் எவ்வளவு குறைத்துவிடுவோம் என்று யோசித்துப் பார். தாராபுரத்திலும் உடுமலையிலும் தோட்டத்தில் நின்றபடி உன்னைப் பார்க்கும் விவசாயி எதில் பார்க்கிறார்? போனில், யூடியூப் ஆப்பில். அந்த ஆப்பில் பிளாக்கர் மாதிரி எக்ஸ்டென்ஷன் எதையும் போட முடியாது. ஆண்ட்ராய்டு போனில் உள்ள குரோமிலும் முடியாது. வீட்டு டிவியில் பார்க்கிறவர்களுக்கும் அதே கதி. மிஞ்சுவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பார்க்கும் என்னைப் போன்ற சிலர். நீ கோபப்பட வேண்டிய ஆள் வேறு எங்கோ இருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இணைய விளம்பரம் இப்படித் தொல்லையானதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1994 அக்டோபரில் ஹாட்வயர்ட் என்ற இணையப் பத்திரிகையில் ஏடி அண்ட் டி நிறுவனம் ஒரு பட்டை விளம்பரம் போட்டது. இணையத்தில் வந்த முதல் பட்டை விளம்பரம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பக்கத்தின் மேலே ஒரு நீளப் பட்டை, அவ்வளவுதான். யாருக்கும் தொந்தரவில்லை, புதுமைக்காகவே ஜனங்கள் அதைக் கிளிக் செய்தார்கள். சில வருஷத்தில் டிரைபாட் என்ற தளத்தில் வேலை பார்த்த ஈதன் ஜக்கர்மன் தனி ஜன்னலில் எகிறிக் குதிக்கிற பாப்அப்புக்கு நிரல் எழுதினார். காரணம் கேட்டால் சிரிப்பாய். ஒரு கார் கம்பெனியின் விளம்பரம் ஆபாசப் பக்கம் ஒன்றின் மேல் வந்துவிட்டதாம். கம்பெனி கொதித்துப்போக, விளம்பரத்தைப் பக்கத்திலிருந்து பிரித்துத் தனி ஜன்னலில் விட்டார்கள். அதற்காக 2014இல் அவர் தி அட்லாண்டிக் பத்திரிகையில் கட்டுரை எழுதி மன்னிப்பே கேட்டார். மன்னிப்பு வருவதற்குள் உலகம் முழுக்க ஜன்னல்களை மூடி மூடிக் கை ஓய்ந்துவிட்டது.

பிளாக்கர் அப்புறம்தான் வந்தது. 2002இல் டென்மார்க்கில் ஹென்ரிக் ஆஸ்டட் சோரன்சன் என்ற மாணவர், பிற்பாடு ஃபயர்பாக்ஸ் ஆன பிரவுசருக்கு ஆட்பிளாக் என்று ஒன்றை எழுதினார். எந்த முகவரியிலிருந்து விளம்பரம் வருகிறது என்ற பட்டியலைத் தன்னார்வலர்கள் தொகுக்க ஆரம்பித்தார்கள். ஈஸிலிஸ்ட் என்ற அந்தப் பட்டியல் இன்றைக்கும் ஓடுகிறது. நான் போட்டிருப்பது யூபிளாக் ஆரிஜின். ரேமண்ட் ஹில் என்பவர் 2014இல் தொடங்கியது. நன்கொடை கொடுத்தாலும் வாங்க மாட்டேன் என்கிறார் மனிதர். எல்லாப் பிளாக்கரும் அப்படிக் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்பிளாக் பிளஸ் நடத்தும் ஜெர்மன் நிறுவனம் 2011இலிருந்து "ஏற்கத்தக்க விளம்பரம்" என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. உறுத்தாத விளம்பரம் உள்ளே வரலாம், ஆனால் பெரிய நிறுவனங்கள் அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். கொசுவலை விற்றுவிட்டு, காசு கொடுத்த கொசுவுக்கு மட்டும் வலையைத் தூக்கிவிடுகிற வியாபாரம். அதை நான் தொடுவதில்லை.

திருட்டா இல்லையா என்று கோர்ட்டே பார்த்திருக்கிறது. ஜெர்மனியின் பெரிய பதிப்பு நிறுவனமான ஆக்சல் ஸ்பிரிங்கர் போட்ட வழக்கில், பிளாக்கரை மக்களுக்குக் கொடுப்பது சட்டவிரோதமில்லை என்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஸ்பிரிங்கர் விடவில்லை, பதிப்புரிமை என்ற வேறு வாசல் வழியாக வந்தது. 2025 ஜூலையில் அந்த வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கீழ் நீதிமன்றத்துக்கே அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே கதை இன்னும் முடியவில்லை. நாளைக்கு யார் ஜெயித்தாலும் இன்றைய நிலை இதுதான்.

இப்போது என் உண்மையான காரணத்துக்கு வருகிறேன். விளம்பரம் பார்ப்பது எனக்குக் கஷ்டமே கிடையாது. தீபாவளி மலர் வந்தால் கதைக்கு முன்னால் நகைக்கடை விளம்பரத்தைப் புரட்டுகிறவள் நான், உனக்கே தெரியும். அந்த நகைக்கடை என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. நான் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றேன், போன வாரம் எந்த டாக்டரைத் தேடினேன், அத்தான் எந்த பேங்கில் கடன் விசாரித்தார் என்று அதற்குத் தெரியாது. இன்றைக்கு ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால், அந்தப் பக்கம் கண்ணுக்கு வருவதற்குள் என்னை வைத்து ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. நான் எங்கே இருக்கிறேன், என்ன போன், எதில் ஆர்வம் என்ற விவரமெல்லாம் பல கம்பெனிகளுக்குப் போகும். அதில் அதிகம் கேட்டவர் விளம்பரம் வரும். தோற்றவர்கள் கைக்கும் என் விவரம் போய்ச் சேர்ந்திருக்கும். பிளாக்கர் போடுவது முக்கியமாக இந்த ஏலத்துக்குப் பூட்டுப் போடத்தான். விளம்பரம் மறைவது கூடவே கிடைக்கும் லாபம்.

அம்மாவுக்கு நடந்ததை உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. ஆடி மாதம் ஒரு பாட்டுத் தளத்தில் கந்த சஷ்டி கவசம் தேடியிருக்கிறாள். திரை முழுக்கச் சிவப்பாக, உங்கள் போனில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே சுத்தம் செய்யுங்கள் என்று தமிழிலேயே வந்திருக்கிறது. மூலையில் எறும்பு அளவுக்கு ஒரு பெருக்கல் குறி. அதைத் தொட்டாலும் வேறு பக்கம் திறக்கிறது. பயந்துபோய் அது சொன்ன ஆப்பை இறக்கிக்கொண்டாள். அதன் பிறகு போனைக் கையில் எடுத்தாலே விளம்பரம், பூட்டின திரையின் மேலும் விளம்பரம். நான்கு நாள் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாள், தான் ஏதோ கெடுத்துவிட்டோம் என்று. அவள் கெடுக்கவில்லை. அந்த விளம்பரத்தை அங்கே வைத்தவனும், வைக்க இடம் கொடுத்தவனும், நடுவில் நின்று தரகு வாங்கினவனும் கெடுத்தார்கள். யாரிடம் போய்ப் புகார் சொல்வது? அந்தத் தளத்துக்குக்கூட என்ன விளம்பரம் வந்தது என்று தெரிந்திருக்காது.

அம்மாவுக்கு விவரம் போதாது என்று நினைக்காதே. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி மாதிரியான தளங்களின் விளம்பர இடத்திலேயே கணினியைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நாச நிரல்கள் புகுந்து வந்தன. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களுக்கு ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. மோசடிக்காரர்கள் தேடுபொறியில் காசு கட்டி விளம்பரம் போட்டு, நிஜ நிறுவனம் மாதிரியே போலிப் பக்கம் வைத்து ஆளைப் பிடிக்கிறார்கள், ஆகவே தேடும்போது ஆட் பிளாக்கர் போட்டுக்கொள்ளுங்கள் என்று அதில் இருக்கிறது. போலீஸே போடச் சொல்வதைத் திருட்டு என்கிறாய் நீ.

என் வகுப்பில் இது பாடமாகவே ஆகிவிட்டது. பிளஸ் டூ பிள்ளைகள் பழைய கேள்வித்தாள் தேடினால், ஒரே பக்கத்தில் ஐந்து பச்சை "டவுன்லோடு" பொத்தான். அதில் ஒன்றுதான் நிஜம், பெரும்பாலும் இருப்பதிலேயே சின்னது. எது நிஜம் என்று கண்டுபிடிக்கச் சொல்லித் தருகிறேன். சிலபஸில் இல்லாத பாடம். இப்படி விளம்பரத்தை வேறு எதுவோ மாதிரி வேஷம் போட்டுக் காட்டுவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்த 13 ஏமாற்று வடிவங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. விதி காகிதத்தில் இருக்கிறது, பச்சைப் பொத்தான்களும் அங்கேயே இருக்கின்றன.

டிவிக்கு ஒரு கணக்காவது உண்டு. கேபிள் டிவி விதிப்படி மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது: பத்து நிமிடம் மற்றவர்களுடையது, இரண்டு நிமிடம் சேனல் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ள. எந்தச் சேனல் அதை மதிக்கிறது என்று கேட்காதே, விதி என்று ஒன்று இருக்கிறது. இணையத்துக்கு அதுவும் கிடையாது. 2023 டிசம்பரில் பெங்களூருவில் சினிமா பார்க்கப் போன ஒருவர், போட்ட நேரத்துக்குப் படம் தொடங்காமல் சுமார் 25 நிமிடம் விளம்பரம் ஓட்டினார்கள் என்று பிவிஆர் மேல் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனார். 2025 பிப்ரவரியில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. மறுமாதமே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. என் நேரத்துக்கு விலை உண்டு என்று ஒரு கோர்ட்டாவது சொல்லிப் பார்த்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

ரம்மி விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? எதைத் திறந்தாலும் ஒரு நடிகர் சிரித்துக்கொண்டு ஆட வா என்பார். கடன்பட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்கள் செய்தி அதே பக்கத்தில் வரும், பக்கத்திலேயே அந்த விளம்பரமும் வரும். 2022இல் நம் சட்டசபை தடைச் சட்டம் போட்டது, கவர்னர் திருப்பி அனுப்பினார், மறுபடி நிறைவேற்றினார்கள், 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் வந்தது. அந்த வருஷம் நவம்பரில் நம் உயர் நீதிமன்றம் ரம்மியைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பணம் கட்டி ஆடும் ஆட்டத்தையும் அதன் விளம்பரத்தையும் மத்தியச் சட்டம் தடை செய்தது 2025 ஆகஸ்டில். அத்தனை வருஷமும் எங்கள் ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரில் ரம்மி வராமல் இருந்தது பிளாக்கரால்தான்.

இனி நீ கேட்காத விஷயம் ஒன்று. எனக்கு இதில்தான் கோபம் அதிகம். 2023இல் யூடியூப், ஆட் பிளாக்கருக்கு இங்கே அனுமதி இல்லை, மூன்று வீடியோவுக்குப் பிறகு பிளேயர் நின்றுவிடும் என்று எச்சரிக்கை காட்ட ஆரம்பித்தது. அவர்கள் ஒரு வழியை அடைப்பார்கள், பட்டியல் எழுதும் தன்னார்வலர்கள் அடுத்த நாள் வேறு வழி திறப்பார்கள். 2024இல் விளம்பரத்தை வீடியோவோடு சேர்த்தே தைத்து அனுப்பிப் பரிசோதித்தார்கள். அது அவர்கள் தளம், அவர்கள் இஷ்டம். போகாமல் இருக்க எனக்கும் உரிமை உண்டு, அதில் பெரிய வழக்கு எனக்கில்லை.

குரோம் சங்கதி அப்படியில்லை. பிரவுசர் என் கம்ப்யூட்டரில் எனக்காக வேலை செய்கிற பொருள். முன்பு ஒரு பக்கம் எதையாவது வெளியிலிருந்து கேட்கும்போது, என் எக்ஸ்டென்ஷன் அதைப் பார்த்து விடலாமா வேண்டாமா என்று அந்த இடத்திலேயே முடிவு செய்யும். 2018இல் கூகுள் மேனிஃபெஸ்ட் வி3 என்று புது விதியை அறிவித்தது. அதன்படி எக்ஸ்டென்ஷன் தன் தடைப்பட்டியலை முன்கூட்டியே ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும், தடுப்பதைப் பிரவுசர் பார்த்துக்கொள்ளும். பட்டியல் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதற்கும் உச்சவரம்பு. 2024 ஜூனில் பழைய வகையை நிறுத்தத் தொடங்கி, 2025இல் முழுக்க மூடிவிட்டார்கள். குரோமில் யூபிளாக் ஆரிஜின் இப்போது ஓடாது, லைட் என்று மெலிந்த தம்பி ஒன்றுதான் ஓடுகிறது.

அவர்கள் சொல்லும் காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. எல்லாப் போக்குவரத்தையும் பார்க்கும் அதிகாரத்தைக் கண்டகண்ட எக்ஸ்டென்ஷனுக்குக் கொடுப்பது ஆபத்துதான், திருட்டு எக்ஸ்டென்ஷன்கள் நிறையவே பிடிபட்டிருக்கின்றன. நான் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லித்தான் கொடுக்கிறேன். ஆனால் யார் இந்த விதியைப் போடுகிறார்கள் என்று பார். 2024இல் கூகுளின் தாய் நிறுவனத்துக்கு வந்த வருமானம் சுமார் 35,000 கோடி டாலர். அதில் முக்கால் பங்கு விளம்பரம். யூடியூப் விளம்பரம் மட்டும் 3,600 கோடி டாலர். விளம்பரத்தால் சாப்பிடுகிற கம்பெனி, விளம்பரத்தைத் தடுக்கும் கருவிக்கு எவ்வளவு பலம் இருக்கலாம் என்று முடிவு செய்கிறது. அந்தக் கம்பெனியைத் தொடங்கின இரண்டு பேரும் மாணவர்களாக இருந்தபோது 1998இல் எழுதின ஆய்வுக் கட்டுரையிலேயே, விளம்பரப் பணத்தில் ஓடும் தேடுபொறி விளம்பரக்காரர் பக்கம்தான் சாயும், தேடுகிறவர் பக்கம் சாயாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களே சொன்னபடி நடந்திருக்கிறது, வேறென்ன?

2025 ஏப்ரலில் வர்ஜீனியாவில் ஒரு அமெரிக்க நீதிபதி, இணைய விளம்பரத்தை வாங்கி விற்கும் இடைத்தரகுச் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்தியது, அதனால் தளம் நடத்துகிறவர்களும் வாசகர்களும் பாதிக்கப்பட்டார்கள் என்று தீர்ப்பு எழுதினார். அந்த வழக்கு யூடியூபைப் பற்றியதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் விளம்பரக்காரர் கொடுத்த காசு உழைத்தவன் கைக்கு வருவதற்குள் எங்கே கரைகிறது என்று யோசிக்கிறவன் அந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும். நீயோ என் லேப்டாப்பை முறைத்துப் பார்க்கிறாய்.

நான் ஃபயர்பாக்ஸுக்கு மாறி வருஷமாகிறது. அதில் பழைய யூபிளாக் ஆரிஜின் இன்னும் ஓடுகிறது, போனிலும் ஓடுகிறது. அந்த ஃபயர்பாக்ஸுக்குப் பெரும்பங்கு வருமானம் கூகுளைத் தேடுபொறியாக வைப்பதற்குக் கூகுள் கொடுக்கும் பணம் என்பதும் தெரியும். சுத்தமான இடம் எதுவும் இல்லை, கொஞ்சம் பரவாயில்லாத இடம் என்று ஒன்றைப் பிடித்துக்கொள்கிறோம்.

பிரீமியம் எடு அக்கா, மாதம் 149 ரூபாய்தானே, அதிலும் எனக்குப் பங்கு வரும் என்பாய். நியாயமான பேச்சு. ஆனால் 129 இருந்தது 2024 ஆகஸ்டில் 149 ஆனது, குடும்பத் திட்டம் 189இலிருந்து ஒரே தாவாக 299. காசு கட்டினால் தொல்லை தீருமா என்றால் அதற்கும் உத்தரவாதம் இல்லை. பிரைம் வீடியோவுக்கு வருஷச் சந்தா கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு 2025 ஜூனில் விளம்பரம் போட ஆரம்பித்து, வேண்டாமென்றால் வருஷத்துக்கு இன்னொரு 699 கட்டு என்றார்கள். அத்தான் அன்றைக்குப் பேசின பேச்சை எழுத முடியாது. தொந்தரவைக் கொடுத்துவிட்டு, அதை நிறுத்தக் காசு கேட்பதற்கு நம் ஊர்ப் பக்கம் வேறு பெயர் உண்டு.

அந்த 149ஐ நான் உனக்கே தருகிறேன். ஜிபேயில் அனுப்பினால் 149ம் உன் கைக்கு வரும், நடுவில் யாரும் 45 எடுக்க மாட்டார்கள். எல்லாரும் இப்படித் தருவார்களா என்று கேட்பாய். தர மாட்டார்கள். நூறு பேர் பார்த்தால் ஒருவர் தந்தாலே பெரிது. மோட்டார் கருகி, தண்ணீர் இல்லாமல் வாழை காய்கிற நேரத்தில் உன் வீடியோவைத் தேடுகிறவரிடம் போய் காசு கேட்பதும் முறையில்லை. அவருக்காக விளம்பரம் இருக்கட்டும். ஆனால் எப்படிப்பட்டது என்று நீ தீர்மானிக்கலாமே? மோட்டார் வைண்டிங் வீடியோவில் காப்பர் கம்பி விற்கிற கடையின் விளம்பரம் வர, பார்க்கிறவர் வயதும் ஜாதகமும் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. உன் பட்டறைக்குக் கம்பியும் இன்சுலேஷன் பேப்பரும் தருகிற காந்திபுரத்துக் கடைக்காரரிடம் பேசு. வீடியோ நடுவில் நீயே அரை நிமிடம் சொல். காசு வாங்கிச் செய்கிற விளம்பரம் என்பதையும் சொல்லிவிடு, 2021இலிருந்து விளம்பரத் தர கவுன்சில் விதியே அதுதான். அப்படி நீ வாயால் சொல்வதையும் தாண்ட வைக்கிற எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. அதை நான் போடவில்லை, போடவும் மாட்டேன். உன் முகத்தை வைத்து நீ பொறுப்பெடுத்துச் சொல்கிறாய், பொய்யென்றால் கடைக்கு வந்து உன் சட்டையைப் பிடிக்கலாம். வைரஸ் விளம்பரக்காரனின் சட்டை எங்கே இருக்கிறது?

இன்னொன்று, போன வாரம் போட்ட ஸ்டார்ட்டர் வீடியோவில் ரிலே செட்டிங் சொல்கிற இடத்தில் பின்னால் லேத் ஓடுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அதை மறுபடி எடுத்துப் போடு. எத்தனை பேர் தப்பாக வைத்து மோட்டாரைக் கருக்கப் போகிறார்களோ.

பொங்கலுக்கு வரும்போது சுமதியின் போனையும் உன் மாமியார் போனையும் கொண்டு வா, ஃபயர்பாக்ஸும் பிளாக்கரும் போட்டுத் தருகிறேன். அம்மா போனில் போட்டாயிற்று, இப்போது கவசம் கேட்கிறாள், நடுவில் யாரும் வருவதில்லை. அதற்குள் உன் வீடியோவுக்குக் கீழே ஒரு யூபிஐ எண்ணைப் போட்டு வை. முதல் பணம் என்னுடையதாக இருக்கட்டும்.

உன் அன்பு அக்கா,
மல்லிகா